இலையுதிர்காலத்தில் ஒரு மெதடிஸ்த சபைக்குள் நுழைதல்: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தோருக்கு

பிரித்தானியாவில் பெரும்பாலான பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் செப்டெம்பரிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ ஆண்டைத் தொடங்குவதால், இங்கே புதிதாக வந்திறங்கும் தமிழர்களில் பலர் இந்த நாட்டை முதன்முதலாகக் காண்பது இலை பழுத்து உதிரும் காலத்தில்தான். ஜோன் வெஸ்லி தொடங்கிய இயக்கத்திலிருந்து வளர்ந்த புரொட்டஸ்தாந்து சபையான மெதடிஸ்த திருச்சபைக்கும் ஆண்டு பிறப்பது செப்டெம்பர் 1ஆம் திகதி. இடமாற்றம் பெற்ற போதகர்கள் அன்றிலிருந்தே புதிய இடத்தில் பொறுப்பேற்கிறார்கள். கோடை விடுமுறைக்காக நிறுத்தப்பட்ட வாரநாட் கூட்டங்கள் மீண்டும் கூடுகின்றன. பிரசங்கபீடத்தில் நிற்பவரே அந்த ஊருக்கு உங்களைப் போலப் புதியவராக இருக்கக்கூடும். ஆகையால் சபையொன்றில் சேர விரும்புபவர், வீடும் வேலையும் ஒழுங்கான பின் பார்க்கலாம் என்று அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போடாமல், செப்டெம்பர் முதல் நவம்பர் வரையான மூன்று மாதங்களைப் பயன்படுத்திக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவர்களுக்கு மெதடிஸ்தம் என்ற பெயர் புதிதன்று; 1814இல் இலங்கையில் கரையிறங்கிய வெஸ்லியன், அதாவது மெதடிஸ்த, மிஷனரிமார் தொடங்கிய பள்ளிகளும் ஆலயங்களும் அவ்விரு ஊர்களிலும் இன்றும் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் தென்னிந்தியத் திருச்சபையாருக்கும் உறவு உண்டு, ஏனெனில் 1947 செப்டெம்பர் 27ஆம் திகதி அந்தத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்த சபைகளுள் மெதடிஸ்த சபையும் ஒன்று. எனவே இரு சாராரும் இங்கே வருவது ஒருவகையில் பாட்டன் வீட்டுக்குத்தான். ஆனால் பாட்டன் வீட்டின் நடைமுறைகள் நம் வீட்டு நடைமுறைகள் அல்ல என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்துவிடுவீர்கள்.

முதலில், ‘பிளான்’ என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள்

ஆலயத்தின் வெளியே உள்ள அறிவிப்புப் பலகையில் ஆராதனை நேரம் எழுதப்பட்டிருக்கும். ஞாயிறு காலை 10.30 அல்லது 11 மணி என்பது பல இடங்களில் வழக்கம். ‘சர்ச்’ என்று எழுதியிருந்தாலும் வயதானவர்கள் ‘சப்பல்’ என்றே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். பல சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். இங்கே அதைச் ‘சேர்க்கிட்’ என்பார்கள். ஒரு போதகர் இரண்டு மூன்று சபைகளைக் கவனிப்பது சாதாரணம் என்பதால், எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் ஆராதனையை நடத்துவார் என்பதைக் காட்டும் கால அட்டவணையொன்றை மூன்று மாதங்களுக்கொருமுறை சேகரம் வெளியிடுகிறது. அதுதான் ‘பிளான்’. செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரையான அட்டவணை உங்கள் கையில் இருந்தால் விளைச்சலுக்கு நன்றி கூறும் அறுப்பின் பண்டிகை எந்த ஞாயிறு, திருவிருந்து எந்த ஞாயிறு என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இந்த அட்டவணையைப் பார்த்ததும் இன்னொன்றும் புலப்படும். வாரந்தோறும் ஒரே ஆள் பிரசங்கிப்பதில்லை. ஊதியம் பெறாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பிரசங்கிமார் பலர் இருக்கிறார்கள். வாரநாட்களில் ஆசிரியராகவோ தாதியாகவோ பணிபுரியும் ஒருவர் ஞாயிறன்று பிரசங்கபீடத்தில் நிற்பார். ஒருவரின் பிரசங்கம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அடுத்த வாரம் வேறொருவர் வருவார். ஆகவே ஒரு ஞாயிறை மட்டும் வைத்து ஒரு சபையை எடைபோடாமல், குறைந்தது நான்கு ஞாயிறுகளாவது தொடர்ந்து சென்று பாருங்கள். போதகராக ஒரு பெண் நிற்பதைக் கண்டு, போதகரின் மனைவி ஏதோ அறிவிப்புச் சொல்ல வந்திருக்கிறார் என்று எண்ணிவிடவும் வேண்டாம். பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை 1974இலிருந்து பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் செய்து வருகிறது.

முதல் ஞாயிறு

பத்து நிமிடம் முன்னதாகச் செல்லுங்கள். வாசலில் நிற்பவர் பாட்டுப் புத்தகத்தையும் சபையின் வாரச் செய்தித்தாளையும் கையில் தந்து பெயரைக் கேட்பார். உங்கள் முதற்பெயரைச் சொன்னால் போதும். அவரும் தன் முதற்பெயரையே சொல்வார். எண்பது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி அழைக்க நமக்கு நாக்கு கூசும். அங்கிள், ஆன்ட்டி என்று அழைத்தால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள், ஆயினும் சற்றுக் குழம்புவார்கள். சில வாரங்களில் பழகிவிடும். போதகரையும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். பாதணியைக் கழற்ற வேண்டியதில்லை; மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் பலர் உட்கார்ந்திருப்பார்கள், ஏனெனில் நூறாண்டு பழைய ஆலயத்தைச் சூடாக்குவது எளிதன்று. இலையுதிர்காலம்தானே என்று மெல்லிய சேலையோடு போய் நடுங்கிக்கொண்டிருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இருக்கை எவருக்கும் எழுதிவைக்கப்படவில்லை, ஆனாலும் முப்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருப்பவர்கள் உண்டு. எங்கே உட்காரலாம் என்று வாசலில் நிற்பவரிடமே கேட்டுவிடுவது நல்லது. பாட்டுக்கு எழுந்து நிற்பார்கள், ஜெபத்துக்கு உட்கார்ந்தபடியே தலை குனிவார்கள், முழந்தாளிடுவது அரிது. பாட்டைப் பொறுத்தவரை மெதடிஸ்தர் கூச்சமில்லாமல் பாடுகிறவர்கள். ஜோன் வெஸ்லியின் தம்பி சார்ல்ஸ் வெஸ்லி ஆயிரக்கணக்கான பாட்டுகளை எழுதிய மரபு அது. பிரசங்கத்தின் ஆங்கிலம் விளங்காத நாளிலும் பாட்டின் இராகம் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கக்கூடும்.

திருவிருந்து பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை. மது கலவாத திராட்சைச் சாற்றைச் சிறு கண்ணாடிக் குவளைகளில் தனித்தனியாகத் தருவார்கள். நீங்கள் எந்தச் சபையில் திடப்படுத்தல் பெற்றீர்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆண்டவரை நேசிக்கும் எவரும் வரலாம் என்பதே அழைப்பு. செப்டெம்பரில் வேறொரு ஆராதனையையும் சந்திக்க நேரலாம். ஜோன் வெஸ்லி 1755இல் முதன்முதலில் நடத்திய உடன்படிக்கை ஆராதனையைச் சில சபைகள் ஜனவரியிலும் சில சபைகள் செப்டெம்பரிலும் வைக்கின்றன. தன்னை முழுவதுமாகக் கடவுளிடம் ஒப்புவிக்கும் கனமான ஜெபமொன்று அதன் மையம். புதியவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆராதனை முடிந்தவுடன் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஆசீர்வாதம் கூறப்பட்டதும் எல்லோரும் பக்கத்து மண்டபத்துக்குப் போவார்கள். அங்கே தேநீரும் கோப்பியும் பிஸ்கட்டும் இருக்கும். ஒரு மணிநேர ஆராதனையில் அறிமுகமாகாத மனிதர்கள் அந்த அரைமணி நேரத்தில்தான் அறிமுகமாகிறார்கள். நம்மவர்கள் பலர், தங்களுக்காக யாரும் நிற்கவில்லை என்று எண்ணியோ ஆங்கிலத்துக்கு அஞ்சியோ பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டு, இந்தச் சபையில் அன்பு இல்லை என்று பிறகு குறை சொல்வதுண்டு.

முதலில் அவர்கள் கேட்பது வானிலையைப் பற்றியும் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பற்றியுமாக இருக்கும். சம்பளம், வயது, திருமணம், பிள்ளை இல்லாததன் காரணம் ஆகியவற்றை நீங்கள் கேட்காதீர்கள். ‘ஒருநாள் தேநீருக்கு வாருங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அது நல்லெண்ணமே தவிர, இன்னும் அழைப்பு ஆகவில்லை. திகதியும் நேரமும் குறிப்பிட்டால்தான் அழைப்பு. வடஇங்கிலாந்தில் ‘டீ’ என்பது பலருடைய பேச்சில் மாலை ஐந்து ஆறு மணிக்கு உண்ணும் உணவையே குறிக்கும். வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் எண்ணத்தோடு அங்கே செல்பவர் ஒரு முழு உணவைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது நான்காவது வாரத்தில் சமையலறைப் பக்கம் போய், கோப்பை கழுவ உதவட்டுமா என்று கேளுங்கள். பிரித்தானிய மெதடிஸ்த சபை பெரும்பாலும் போதகர் அல்லாத சாதாரண சபையாரின் கைகளால் நடப்பது. வாசலில் நிற்பவர், கணக்குப் பார்ப்பவர், பூ அலங்கரிப்பவர், கூரை ஒழுகினால் ஆளைக் கூப்பிடுபவர் எல்லோரும் தொண்டர்களே. அவர்களில் பலர் எழுபதைக் கடந்தவர்கள். விருந்தாளியை வேலை செய்யவிடக் கூடாது என்ற நம் ஊர் உபசாரத்தை இங்கே எதிர்பார்த்தால் நீங்கள் நெடுநாள் விருந்தாளியாகவே இருந்துவிடுவீர்கள். ஒருவர் கழுவ மற்றவர் துடைக்கும் அந்தச் சிங்க் ஓரத்தில், முகம் பார்க்காமலே பேச முடிவதால், அரைகுறை ஆங்கிலம்கூடத் தடையாக இராது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். பிறர் குழந்தையைப் பெற்றோரைக் கேட்காமல் தூக்குவதும், கன்னத்தைக் கிள்ளுவதும், கைத்தொலைபேசியில் படம் எடுப்பதும் நமக்கு இயல்பு. இங்கே அவை கூடாதவை. ஞாயிறு பாடசாலையில் உதவ முன்வந்தால் அரசின் பின்னணிச் சோதனையும் சபையின் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கப்படும். அது உங்களைச் சந்தேகிப்பதால் அன்று. இங்கே பிறந்து வளர்ந்தவருக்கும் அதே விதிதான்.

அறுப்பின் பண்டிகை

இதற்கு நிலையான திகதி இல்லை. செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிறு. பகலும் இரவும் சமமாகும் இலையுதிர்காலச் சமவிரவு நாளுக்கு மிக அருகில் வரும் முழுநிலவை ஒட்டிக் கொண்டாடுவது பழைய வழக்கம். இன்று நாம் காணும் வடிவத்தில் ஆலய அறுப்பின் பண்டிகையைத் தொடக்கி வைத்தவராகக் கருதப்படுபவர், கோர்ன்வோலில் உள்ள மோர்வென்ஸ்டோ என்ற கடலோரக் கிராமத்தின் குருவான ரொபர்ட் ஸ்டீபன் ஹோக்கர், ஆண்டு 1843. அவர் மெதடிஸ்தர் அல்லர், ஆனால் பண்டிகை எல்லாச் சபைகளுக்கும் பரவிவிட்டது. மிஷனரிமார் வழியாக நம்மிடமும் வந்து, வாழைக்குலையும் முருங்கைக்காயும் கோழியும் ஏலத்தில் போகும் நம் பண்டிகையாக மாறியது.

இங்கே பீடத்தின் முன்னே பூசணி, அப்பிள், உருளைக்கிழங்கு, கதிர்க்கட்டின் வடிவில் சுட்ட பெரிய பாண் ஆகியவை வைக்கப்படும். அந்தப் பாணை அருகில் சென்று பாருங்கள். கதிரின் மேல் மாவால் செய்த ஒரு சிறு சுண்டெலி ஏறிக்கொண்டிருக்கும். நகரச் சபைகளில் இன்று விளைபொருளைவிட டின்களே அதிகம், ஏனெனில் காணிக்கை பெரும்பாலும் வறியோருக்கு இலவசமாக உணவு தரும் அந்த வட்டாரத்து உணவு வங்கிக்குப் போகிறது. அதனால் என்ன கொண்டுவர வேண்டும் என்று முந்திய வாரச் செய்தித்தாளில் பாருங்கள். பல உணவு வங்கிகள் பழமும் காய்கறியும் எடுப்பதில்லை. அரிசி, டின் மீன், அவித்த பயறு டின், நீண்டநாள் கெடாத பால், சவர்க்காரம், குழந்தைகளுக்கான நப்பி போன்றவை நல்ல தேர்வு. காலாவதித் திகதி சில மாதங்களாவது தள்ளியிருக்க வேண்டும். அலுமாரியின் அடியில் கிடந்த, நமக்கே வேண்டாத டின்னைக் கொண்டுபோவது காணிக்கை ஆகாது. உணவு வங்கியை நாடவேண்டிய நிலையில் நீங்களே இருந்தால், வெட்கப்படாமல் போதகரிடம் தனியாகச் சொல்லுங்கள். வேறெவருக்கும் தெரியாமல் வழி செய்து தருவார்.

பண்டிகையை ஒட்டி ஒரு விருந்து இருக்கும், சனி மாலையிலோ ஞாயிறு ஆராதனை முடிந்த பின்னரோ. ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் முறையே பெரும்பாலும் நடக்கிறது. அதற்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு: பொதுவாக ‘பிரிங் அன்ட் ஷெயார்’, லங்காஷயரில் ‘ஜேக்கப்ஸ் ஜொயின்’, யார் எதைக் கொண்டுவருவார் என்று முன்கூட்டித் திட்டமிடாமல் விசுவாசத்தோடு கூடும் இடங்களில் ‘ஃபெய்த் லன்ச்’. எல்லோரும் இனிப்பே கொண்டுவந்துவிட்ட கதைகளை ஒவ்வொரு சபையும் சிரித்தபடி சொல்லும்.

உங்கள் சமையலைக் கொண்டுபோகத் தயங்காதீர்கள், ஆனால் காரத்தைக் குறையுங்கள். கட்லட், மரக்கறி ரோல்ஸ், எலுமிச்சைச் சாதம், கேசரி போன்றவை நன்றாகப் போகும். மீன் குழம்பும் கருவாடும் மண்டபத்துக்கு ஏற்றவை அல்ல, அது எவ்வளவு சுவையாக இருந்தாலும். பாத்திரத்தின் அருகே ஒரு சிறு தாளில் பண்டத்தின் பெயரையும், அதில் கஜு, பால், முட்டை, கோதுமை, கடுகு, எள் உள்ளனவா என்பதையும் எழுதி வையுங்கள். கடுகும் எள்ளும் இந்நாட்டுச் சட்டம் பட்டியலிட்டுள்ள 14 ஒவ்வாமைப் பொருட்களில் அடங்குபவை. தாளித்த கடுகை நாம் பொருட்படுத்துவதில்லை, ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பாத்திரத்தின் அடியில் உங்கள் பெயரை ஒட்டிவிட்டால் அது வீடு திரும்பும். வைன் போத்தலைப் பரிசாகக் கொண்டுபோக வேண்டாம்: மெதடிஸ்த வளாகங்களில் மதுவுக்குப் பொதுவாக இடமில்லை.

வாரநாள் ஐக்கியங்கள்

ஞாயிறு மட்டும் போதாது என்பது இந்த இயக்கத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ள எண்ணம். 1742இல் பிரிஸ்டலில் ஆலயக் கட்டடத்தின் கடனை அடைக்க, பன்னிருவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து வாரம் ஒரு பென்னி சேர்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பணம் வாங்க வீடு வீடாகச் சென்ற தலைவர்கள் மக்களின் நிலைமையைக் கண்டறிந்தார்கள்; கடன் வசூலிக்க உண்டான ஏற்பாடு ஒருவரையொருவர் விசாரிக்கும் ‘கிளாஸ்’ கூட்டமாக மாறிவிட்டது. இன்று அதன் இடத்தில் வீட்டுக் குழுக்களும், வேதபாட வகுப்பும், பெண்கள் ஐக்கியமும், காலைக் கோப்பிக் கூட்டமும், குழந்தைகளோடு தாய் தந்தையர் கூடும் குழுவும் இருக்கின்றன. இவற்றில் பல பள்ளித் தவணையோடு ஒட்டி நடப்பதால் ஒக்டோபர் கடைசியில் வரும் ஒரு வார விடுமுறையில் கூடமாட்டா. கதவு பூட்டியிருந்தால் மனம் தளர வேண்டாம்.

எதில் சேர்வது? ஒன்றில் மட்டும் சேருங்கள். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு ஒன்றுக்கும் போகாமல் இருப்பதைவிட, ஒரு குழுவுக்கு ஒழுங்காக நேரத்துக்குச் செல்பவரே விரைவில் நம்பிக்கையைப் பெறுகிறார். ஏழரை என்றால் ஏழரைக்குத் தொடங்கிவிடும். இரவு வேலை செய்பவர்களுக்குக் காலைக் கோப்பிக் கூட்டம் பொருந்தும், அங்கே ஆலயத்துக்கு வராத அயலவர்களும் வருவார்கள். எரிபொருள் விலை ஏறிய 2022ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து பல ஆலயங்கள் தங்கள் மண்டபங்களைச் சூடான இடமாகப் பகலில் திறந்து வைக்கின்றன. அறை வெப்பத்துக்குக் காசு எண்ணும் மாணவர்கள் புத்தகத்தோடு அங்கே போய் இருக்கலாம்.

கடிகாரம் பின்னே போகும் ஞாயிறு

ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி ஒரு மணியாகிவிடும். கைத்தொலைபேசி தானே மாறும், கைக்கடிகாரம் மாறாது. கைக்கடிகாரத்தை நம்பிய நான் முதல் ஆண்டில் பூட்டிய கதவின் முன்னே ஒரு மணிநேரம் மழையில் நின்றேன். கடிகாரம் மாறும் அந்த ஞாயிறிலிருந்து மாலை திடீரென்று இருட்டிவிடும். நவம்பரில் நாலரை மணிக்கே விளக்கு வேண்டும். இரவுக் கூட்டங்களுக்கு வருவது சிரமமானால் காரில் வருபவர் ஒருவரிடம் கேளுங்கள். கேட்பதை இங்கே குறைவாக எண்ணமாட்டார்கள், கேட்காமல் வராமல் இருந்துவிட்டால்தான் அவர்களுக்குக் காரணம் விளங்காது.

நவம்பர்: இறந்தோரை நினைக்கும் மாதம்

நவம்பர் தொடக்கத்தில் பல சபைகள் நினைவு ஆராதனையொன்றை நடத்துகின்றன. மரித்தோரின் பெயர்கள் மெதுவாக வாசிக்கப்படும், ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்படும். விசாவின் காரணமாகவோ பணமில்லாததாலோ ஊரிலே தாயின் அல்லது தந்தையின் அடக்கத்துக்குப் போகமுடியாமல் கைத்தொலைபேசித் திரையில் பார்த்து அழுதவர்கள் நம்மிடையே பலர். அந்தப் பெயரையும் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று முந்திய வாரம் போதகரிடம் கேளுங்கள். எந்த ஆண்டில் இறந்தவர், எந்த நாட்டில் இறந்தவர் என்று பாராமல் சேர்ப்பார்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஆங்கில எழுத்தில் அசை பிரித்து எழுதிக் கொடுத்து, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் காட்டுங்கள். ‘சிவபாக்கியம்’ என்ற பெயர் முன்னேற்பாடின்றி வாசிக்கப்பட்டால் யாருடைய தாய் என்று உங்களுக்கே தெரியாது.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு போரில் மாண்டோரின் நினைவு நாள். சரியாகப் பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம் இருப்பதால் அன்று ஆராதனை வழமையை விட முன்னதாகத் தொடங்கக்கூடும். சில இடங்களில் எல்லோரும் ஊரின் போர் நினைவுத்தூணுக்கு நடந்து செல்வார்கள். பிந்தி வந்து மௌனத்தின் நடுவே கதவைத் திறப்பதை மட்டும் தவிருங்கள். சிவப்புப் பொப்பிப் பூவைப் பலர் அணிவார்கள், சமாதானத்தை வலியுறுத்தும் சிலர் வெள்ளைப் பூ அணிவார்கள். அணியாதவர்களும் உண்டு, யாரும் கேட்பதில்லை. போரை நேரில் கண்டு வந்தவர்களுக்கு எக்காளமும் இராணுவக் கொடிகளும் தாங்க முடியாதவையாக இருக்கலாம். அப்படியானால் கதவுக்கு அருகில் உட்காருங்கள், வெளியே செல்ல வேண்டுமென்று தோன்றினால் செல்லுங்கள்.

காணிக்கையும் உறுப்புரிமையும்

தட்டு வரும்போது கையில் காசில்லாவிட்டால் பேசாமல் அடுத்தவருக்குக் கடத்தலாம்; பலர் வங்கி வழியாக மாதந்தோறும் செலுத்துவதால் அவர்களும் அதையே செய்வார்கள். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவரானால் ‘கிஃப்ட் எயிட்’ படிவத்தில் ஒப்பமிடுங்கள்; நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் சபை அரசிடமிருந்து 25 பென்ஸ் பெறும், உங்களுக்கு மேலதிகச் செலவில்லை. வரி கட்டாத மாணவர் ஒப்பமிடக் கூடாது. ஊரில் சபை உறுப்பினராக இருந்தவர் தன் போதகரிடமிருந்து ஒரு கடிதம் பெற்றுக் கொடுத்தால் உறுப்புரிமையை மாற்றும் பேச்சைத் தொடங்கலாம், அவசரமில்லை. தமிழில் ஜெபிக்க ஏங்கினால் இலண்டன் போன்ற இடங்களில் தமிழ் ஆராதனைகளும் உண்டு. காலையில் இங்கும் மாலையில் அங்கும் போகும் குடும்பங்கள் பல.

நவம்பர் முடிவில் அடுத்த மூன்று மாத ‘பிளான்’ வரும். அதை வாங்கியவுடன் டிசெம்பர் 25ஆம் திகதிக்குரிய நேரத்தைப் பாருங்கள். நத்தார் தினத்தன்று இந்நாட்டில் ரயில்கள் ஓடுவதில்லை, பஸ்களும் ஏறக்குறைய எங்கும் ஓடுவதில்லை. ஆகவே அன்று காலை உங்களை ஏற்றிச் செல்ல யாரால் முடியும் என்று, கோப்பை துடைத்தபடி, இப்போதே கேட்டு வையுங்கள்.